தாயம்மாவின் திட்டுக்குக் கூட்டாளிகள்

தாயம்மா வாய் திறந்தால் தங்கச் சுரங்கம் மூடிப்போன மாரிகுப்பத்தின் காகங்கள் எல்லாம் பக்கத்து ஊர் கோரமண்டலுக்குப் பறந்துபோய் உட்காரும் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். கோரமண்டலிலும் அவள் குரல் கேட்கும் என்பதால் அவை பங்காருபேட்டை வரை போய்த்தான் உட்காரும்.

அந்தக் குரலைத் தினமும் மிகப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன் காத்தவராயன். பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. விடிவதற்கு முன் ரயிலேறுவார், ஊர் அடங்கியபின் வந்து விழுவார். கல்யாணமான நாளிலிருந்து தாயம்மா அவரிடம் கொஞ்சிப் பேசியதற்குச் சாட்சி கிடையாது. அவள் திட்டினால்தான் அவர் கண் விழிப்பார். திட்டிக்கொண்டே சோறு போட்டால் நாலு கவளம் கூடுதலாக இறங்கும். ஒரு முறை அவள் தங்கச்சியின் பிரசவத்துக்கு ஆம்பூர் போயிருந்தபோது மனிதருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எந்த ஊசிக்கும் அடங்காமல் உடம்பில் தோசை சுடலாம் என்ற அளவுக்குக் கொதித்த காய்ச்சல், அவள் வாசற்படி ஏறி "இன்னாய்யா, இதான் சாக்குன்னு படுத்துகினு கீற" என்றதும் இறங்கிப் போயிற்று. அந்த வாயை நம்பித்தான் அவர் உயிரோடு இருந்தார். அதை விற்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

தெரிந்துகொண்ட விதம் இது. ஒரு நாள் விடியற்காலை, வேலைப் பழக்கத்தில் வீட்டு வாசலை இழுத்துப் பூட்டிவிட்டு ரயிலேறிவிட்டார். உள்ளே தாயம்மா இருந்தாள். அடுத்த ஸ்டேஷனான கோரமண்டலில் ரயில் நின்றபோது சாவி சட்டைப்பையில் குத்தியது. இறங்கி ஓடி வந்து பார்த்தால் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வரிசை முழுக்க ஜனம். பால் வாங்கப் போயிருந்த மகள் வாணி தெருவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தாயம்மா, கையில் தோசைத் திருப்பியோடு.

"யோவ், கண்டவன் ஊட்டு கேட்ட தொறந்து மூடி தொறந்து மூடி, கட்டனவளயும் வச்சிப் பூட்டிகினு போறியே. தங்க மைன மூடனப்பக்கூட உள்ள இருந்த ஆளுங்கள மேல ஏத்திட்டுத்தான்யா மூடனாங்க."

இந்தக் கடைசி வரிதான் உலகத்தைப் பிடித்துக்கொண்டது. வாணி அதை யூடியூபில் போட்ட அன்றைக்குச் சாயங்காலமே லட்சம் பேர் பார்த்தார்களாம். மறுநாள் துபாயில் ஒருவன் சிரித்துச் சிரித்துப் பல்செட்டை விழுங்கினானாம், சிங்கப்பூரில் ஒரு கப்பல் கிளம்ப மறந்து நின்றதாம். காத்தவராயன் ரயிலில் போனால் பெட்டி முழுக்க அவரைப் பார்த்து வணக்கம் வைத்தது. பூட்டிய புருஷன் அவர்தான் அல்லவா.

இந்தச் செய்தி ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஏகநாதன் காதுக்கு எட்டியது. ஏகநாதன் இந்த யூடியூப் முதலீட்டில் பழுத்த மனிதர். இதற்கு முன் பிரியாணி தின்று காட்டும் ஒரு பையனின் சேனலில் பணம் போட்டு, போட்ட பணத்தை அவன் இவர் கண்ணெதிரிலேயே தின்று ஏப்பம் விட்டதைப் பார்த்தவர். அந்த அனுபவத்தோடு புது எவர்சில்வர் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பிரியாணிக்கு அரிசி வேணும், கறி வேணும். திட்டுக்கு இன்னா வேணும் அண்ணே? ஒரு புருஷன் வேணும். அதான் நீங்க ஏற்கெனவே கீறீங்களே" என்றார்.

கடைக்கு மேல் இருக்கும் அறை அவருடையது, விளக்கு, கேமரா, மைக் அவருடையது. வருவதில் சரிபாதி. காத்தவராயன் வேலையை விட்டுவிடலாம், வெயில் முகத்தில் விழும்வரை தூங்கலாம். வெயில் முகத்தில் விழுவது எப்படி இருக்கும் என்று காத்தவராயன் யோசித்துப் பார்த்தார். நினைவே வரவில்லை. தலையை ஆட்டிவிட்டார். தாயம்மா மட்டும், திட்டுறதுக்கு இன்னொருத்தன் எதுக்குப் பங்குக்கு வரான் என்று கேட்டாள். வாணி அவளை அடக்கினாள். "ம்மா, சும்மா இரு. இது ஸ்டார்ட்அப்பு."

நிர்வாகத்துக்கு ராஜப்பாவைப் போட்டார்கள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அதன் கேட்டில் நின்று, ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் சட்டை, செருப்பு, தலைமயிர் வரை உதறிப் பார்த்த மனிதர். அவர் நிற்கிற கேட்டைத் தாண்டி ஒரு ஆளின் தும்மல்கூட வெளியே போனதில்லை. அவர் வந்ததும் முதல் வேலையாக அந்த அறைக்கு ஷிப்டு வைத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அப்புறம் தாயம்மாவை உட்கார வைத்து ஒரு விஷயத்தை விளக்கினார்.

"பூமிக்கடியில லெவல்ல வெட்டின தங்கக் கல்லு கேஜு லிப்ட்ல ஏறித்தான் மேல வரணும். பாக்கெட்ல வந்தா அதுக்குப் பேரு திருட்டு. இனிமே உன் வாயி கம்பெனி சரக்கு தாயம்மா. ஊட்ல சும்மா திட்டினா அது நம்ம ஏகநாதன் சாரோட தங்கத்த நீ மடியில கட்டிகினு போற மாதிரி."

வேறு ஊரில் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லியிருந்தால் அந்த எவர்சில்வர் தட்டாலேயே பதில் கிடைத்திருக்கும். தாயம்மாவின் அப்பா முப்பது வருஷம் பூமிக்குள் இறங்கியவர். வெளியே வரும்போது கம்பெனித் தூசி ஒட்டியிருக்கும் என்று செருப்பைத் தட்டிவிட்டு வருவார் என்று அந்த லைனில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். ராஜப்பா அதையும் நினைவூட்டினார். தாயம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் அவரு பொண்ணு. ஒரு பொடி வெளிய போவாது" என்றாள்.

போகவில்லை.

காத்தவராயனின் முகத்தில் வெயில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் டீ இருந்தது, சத்தம் இல்லை. வேண்டுமென்றே டீயைப் பாயில் கொட்டினார். தாயம்மா திரும்பினாள். அவள் மூக்கு விடைத்தது, உதடு துடித்தது, கழுத்து நரம்பு வரை திட்டு ஏறி வந்ததை அவர் கண்ணால் பார்த்தார். ஆசையாகக் காத்திருந்தார். அவள் அதை அப்படியே விழுங்கினாள். "ஷிப்டுல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துணி எடுத்துத் துடைத்தாள்.

ஷிப்டில் திட்டத்தான் செய்தாள். ஆனால் வாணி கையைக் காட்டும்வரை காத்திருந்து திட்டினாள். மைக் சரியில்லை என்று அதையே இன்னொரு முறை திட்டினாள். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடியும். நடுவில் ஏகநாதன் கடைக் குக்கரைத் தூக்கிக் காட்டி அதன் பெருமையைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து புருஷனைத் தொடர வேண்டும். முதல் மாதம் ஜனம் சிரித்தது. அப்புறம் மெல்ல நழுவியது.

ராஜப்பா அசரவில்லை. தங்கம் குறைந்தால் இன்னும் ஆழம் தோண்ட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். ஒரு ஷிப்டு கூட்டினார். இப்போது திட்டுக்குத் தட்டுப்பாடு இல்லை, தப்புக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. காத்தவராயன் சாம்பாரில் சர்க்கரை போட்டார், லுங்கியைத் தலைப்பாகை என்று கட்டினார், பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் வேறு வீட்டு மாப்பிள்ளையோடு போட்டோவுக்கு நின்றார். உலகத்தில் உள்ள தப்பையெல்லாம் செய்து முடித்து, கடைசியில் செய்ததையே மறுபடியும் செய்தார். எதிரே நின்ற தாயம்மா மனப்பாடம் ஒப்பிப்பது போல வாயசைத்தாள். ஒரு நாள் பாதித் திட்டில் நிறுத்தி, "அடுத்தது இன்னா வரும் வாணி?" என்று கேட்டாள். 

ஏகநாதன் நஷ்டத்துக்கு அழுகிற மனிதர் இல்லை. ஊரிகம் என்ற ஊரில் கன்னடப் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் ஆடும் சேவல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, விளக்கையும் கேமராவையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றினார். சேவலுக்குப் புருஷன்கூட வேண்டாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

காத்தவராயனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கம்பெனி மூடிவிட்டது, இனி வாய் வீட்டுக்கு வந்துவிடும். பழைய இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள், பெங்களூரின் அந்தக் கோடியில் ஒரு கிடங்கில்தான் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, ஞாயிறு கிடையாது. இதைச் சொன்னால் கூரை பறக்கும் என்று ஆசையோடு வந்து சொன்னார். தாயம்மா கேட்டுக்கொண்டு முறத்தில் அரிசி பார்த்தாள்.

"தாயி, கம்பெனி மூடியாச்சி. இனிமே யாரும் சோதன போட மாட்டாங்க. ஊட்லயே திட்டலாம்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். முயற்சி செய்தாள் என்பதை அவர் சத்தியம் செய்து சொல்வார். "யோவ்" என்று ஆரம்பித்தாள். அங்கே நின்றாள். அவர் முகத்தைத் தாண்டி, கேமரா நிற்கிற உயரத்தில் அவள் கண் தேடியது. அங்கே சுவர்தான் இருந்தது. முறத்தை எடுத்துக்கொண்டாள்.

"வரல" என்றாள். "கை கழுவிகினு வாங்க. சோறு ஆறிடும்."

வாங்க. கல்யாணமான நாளிலிருந்து அவரை யோவ் என்பதைத் தவிர வேறெதுவும் கூப்பிட்டிராதவள்.

குழம்பில் உப்பு இல்லை. அதைச் சொல்லிக் குத்திப் பார்த்தார். மன்னிச்சிக்கோங்க என்று உப்பு எடுத்து வைத்தாள். அவர் பிசைந்தார். கவளம் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. லைன் வீட்டுச் சுவர் மெல்லிசு. அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்த அமலா தன் வீட்டுக்காரரிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"பக்கத்து ஊட்ல யாரும் இல்ல போல கீதுங்க. சத்தமே இல்ல."

இருக்கிறோம் என்று இருமிக் காட்டலாமா என்று காத்தவராயன் ஒரு நிமிஷம் நினைத்தார். தாயம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள், கரண்டி தட்டில் படாமல்.