அழிக்க வேண்டிய கடைசிப் பிரதி

1

இந்தக் கதை பிறந்தது கற்பனையில் அல்ல, பயத்தில். மின்னஞ்சலில் ஒரு வக்கீல் நோட்டீசு வந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘குரங்கணி மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில்...’ [அடித்துவிட்டேன். மேகத்துக்கும் வக்கீல் நோட்டீசுக்கும் என்ன சம்பந்தம்?]

2

நடந்தது இதுதான். ஓர் அயல்நாட்டு நாவலைத் தமிழாக்கினேன். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் செல்லக்கிளி அதை வாசிக்க, ஒலிநூலாக ஓர் அமெரிக்கத் தளத்தில் ஏற்றினேன். பதிப்புரிமை முடிந்த நூல் என்று பட்டியல் பார்த்துத்தான் செய்தேன். பழைய பட்டியல்.*

[நாவலின் கதை இங்கே நான்கு வரியில் இருந்தது. பயந்து எடுத்துவிட்டேன்.]

* அமெரிக்காவில் யாரும் எடுத்தாளலாம் என்று கிடந்த பல அயல்நாட்டு நூல்களுக்கு, உலக வர்த்தக ஒப்பந்தத்தையொட்டிச் சட்டம் திருத்தி, உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் பட்டியல் அதற்கு முந்தியது. இதை அடிக்குறிப்பில் போட்டதும் வெட்கத்தால்தான்.

3

‘எந்த வடிவிலும் ஒரு பிரதிகூட இல்லை’ என்று, உரிமைக்காரர்கள் நோட்டீசில் கேட்டபடி கையெழுத்திட்டு அனுப்பினேன். கோப்புகளை அழித்தேன். செல்லக்கிளியிடம் இருந்த தாள்களை வாங்கி எரித்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணே, எனக்கு முழுசும் மனப்பாடமா இருக்கே. அத எங்க கொண்டுபோயி எரிக்க?”

[இப்படி ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நோட்டீசை அவளுக்கு வாசித்துக் காட்டியவன் நான். ‘எந்த வடிவிலும்’ என்பதை இரண்டு முறை வாசித்தேன்.]

யாரிடமும் வாய் திறக்காதே என்றேன்.

குடோனில் நாற்பது பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே காய் பொறுக்கியவள், இப்போது பேச்சையே விட்டுவிட்டாள். பேசினால் கதை வந்துவிடுமோ என்று பயம். ஜீப்புச் சத்தம் கேட்டால் போலீசோ என்று மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிகிறாளாம். உடன் வேலை செய்யும் சோலையம்மாள் என்னைத் தேடி வந்தாள்.

“பேய் புடிச்சிருச்சுன்னு பேசிக்கிறாக அண்ணே. கோடாங்கிட்ட கூட்டிப் போகப்போறாக. வெரசா வந்து என்னன்னு கேளுங்க.”

4

தேனியில் ஒரு வக்கீலைக் கேட்டேன். ஞாபகத்தில் இருப்பது பிரதியாகாது, அவளுக்கு ஒன்றும் வராது என்று சிரித்தார்.

முடிவு அ: ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் அழுதபடி [பொய்.]

முடிவு ஆ: அவளே ஒருநாள் துணிந்து [இது என் வசதிக்கு.]

வக்கீலைப் பார்த்து இன்றோடு பதினெட்டு நாள். நான் சொல்லவில்லை. அவள் மறுபடி கதை சொன்னால் யாராவது போனில் பதிவு செய்வார்கள், அது எங்காவது போய்ச் சேரும். கையெழுத்துப் போட்டவன் நான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

5

முடிவை உங்களிடம் விடுகிறேன். போடிப் பக்கம் போனால் பேசாமல் காய் பொறுக்கும் பெண் யாரென்று கேளுங்கள், காட்டுவார்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.