ஒரு கடைவாய்ப் பல்லின் தவக்காலம்

2025 மார்ச் 5, சாம்பல் புதன்கிழமை, மாலை நான்கு மணிக்கு, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறையில், பிலோமின்ராஜின் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் முறுக்கு கடிக்கும்போது உடைந்தது.

கத்தோலிக்கர்களுக்கு அன்று தவக்காலத்தின் முதல் நாள், நோன்பு. ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பிடலாம், நடுவில் நொறுக்குத்தீனி ஆகாது. காலைப் பூசையில் சாமியார் பூசிய சாம்பல் பிலோமின்ராஜின் நெற்றியில் இருந்தது. அதன் மேல் பட்டறையின் வெள்ளைத் தூசி படிந்துவிட்டதால் அவருக்கே அது மறந்துபோயிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து வைத்தவர் கலியமூர்த்தி, பட்டறையில் ஃபியூஸ் கட்டைகளுக்கு அச்சு வேலை பார்க்கிறவர்.

"மொதலாளி, இன்னிக்கு உங்களுக்கு நோன்பாச்சே" என்று அவர் சொல்லவும் பல் உடையவும் சரியாக இருந்தது.

"கடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதாய்யா?" என்றார் பிலோமின்ராஜ், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"சாமி முந்திக்கிச்சு" என்றார் கலியமூர்த்தி.

அதை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பிலோமின்ராஜ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பங்குச் சாமியார் அறிவழகன், துன்பம் வந்தால் முணுமுணுக்காமல் அதைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும், பாதி வழியில் சிலுவையை இறக்கி வைக்கிறவன் சீடன் ஆக மாட்டான் என்றார். கோயிலில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் வீடுகளில் கரண்ட் போனால்கூட, "உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடு, அழாத" என்றுதான் பிள்ளைகளை அடக்குவார்கள். ஒருவர் பொறுத்துக்கொண்ட வலி, மோட்சத்துக்குக் காத்திருக்கும் ஆத்துமாக்களுக்கோ உயிரோடு இருக்கும் இன்னொருவருக்கோ புண்ணியமாகச் சேரும் என்பது நம்பிக்கை. பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிட்டார்கள். பிலோமின்ராஜ் மட்டும் பூசை முடிந்தும் முழந்தாளில் நின்று, நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்து, அதன் வலி முழுவதையும் மாப்பிள்ளை ஜஸ்டினுக்காக ஒப்புக்கொடுத்தார்.

ஜஸ்டின் அவருடைய தங்கை லிசாவின் கணவர். கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். லிசா நோயில் கிடந்தபோது கோயில் பங்கு மக்கள் எல்லாரும் ஜெபித்தார்கள். ஜஸ்டின் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தார். அவர் திரும்பி வந்த வாரம் லிசா இறந்தாள். முப்பதாம் நாள் பூசையோடு ஜஸ்டின் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஜஸ்டின் திரும்பவும் கோயிலுக்கு வர வேண்டும், இதுதான் பிலோமின்ராஜ் கேட்டது.

"டாக்டர்கிட்ட எப்ப போறீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி உபகாரமேரி.

"போறதா இல்ல. ஜஸ்டினுக்காக ஒப்புக்கொடுத்துட்டேன்."

"பல்லையா?"

"வலிய."

உபகாரமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமான வருசம் நாய் கடிச்சதே, ஞாபகம் இருக்குதா? ஊசி போட வேணாம்னு பெண்ணாடத்துல உங்க அத்தை வூட்ல போயி ஒளிஞ்சிங்களே. அது யாருக்காக ஒப்புக்கொடுத்தீங்க?"

"அது வேற."

"ஊசிக்குப் பயந்துக்கிட்டு ஆண்டவர் மேல பழியப் போடாதீங்க."

அன்றிரவு பிலோமின்ராஜ் நேர்மையாகவே யோசித்துப் பார்த்தார். பயம் எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை. தண்ணீரும் களிமண்ணும் கலந்தபின் பிரிப்பதைப் போன்ற வேலை அது. அதையும் சேர்த்தே ஒப்புக்கொடுத்துவிட்டுத் தூங்க முயன்றார்.

அடுத்த வாரம் அவர்கள் தெருவின் அன்பியக் கூட்டம் நடந்தது. பத்துப் பதினைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி பைபிள் வாசித்து, ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லும் கூட்டம். தன் முறை வந்ததும் உபகாரமேரி எழுந்து, அடக்கமான குரலில் சொன்னாள்: "என் வூட்டுக்காரரு ஜஸ்டின் தம்பி கோயிலுக்கு வரணும்னு பல்லு வலியத் தாங்கிக்கிட்டு இருக்காரு. ஒண்ணு ஜஸ்டின் தம்பிக்கு மனசு மாறணும், இல்ல இவருக்குப் புத்தி வரணும். எது சீக்கிரம் முடியுமோ அதுக்காக ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லாரும்.

அதோடு விஷயம் தெருவுக்கு வந்தது. கன்னம் வீங்கியபோது ஊரே பார்த்தது. உபகாரமேரி மெடிக்கல் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி, பொடித்து, அவருக்குத் தெரியாமல் கஞ்சியில் கலந்து கொடுத்தாள். வீக்கம் வற்றியது. தன் காணிக்கையை ஆண்டவர் ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம் என்று பிலோமின்ராஜ் கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னார். உபகாரமேரி பக்கத்தில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை தீர்ந்ததும் வலி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

இப்போது அவரால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. பட்டறையில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். சூளையில் ஒரு தட்டு ஃபியூஸ் கட்டைகள் வெடித்துப் போனதற்குக் கலியமூர்த்தியைத் திட்டினார். கலியமூர்த்தி கோபப்படாமல் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மொதலாளி, நாங்களும் நேந்துக்கறவங்கதான். கன்னத்துல இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் அலகு குத்திக்கிறோம். ஆனா திருவிழா முடிஞ்சதும் புடுங்கிடுவோம். அதோட வூட்டுக்குப் போயி பொண்டாட்டிய யாரும் திட்றதில்ல."

"எங்களுக்கு இன்னும் திருவிழா முடியலையே."

"சரி, எங்க கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்றோம். இன்ன குறை, இன்னாரு காரணம்னு எழுதி சாமிகிட்ட குடுத்துடுவோம். காரியம் முடிஞ்சா போயி வாபஸ் வாங்கிடணும். அதுக்கும் முறை இருக்குது. உங்க கோயில்ல வாபஸ் கெடையாதா?"

பிலோமின்ராஜ் எழுந்து சூளைப் பக்கம் போய்விட்டார். ஆனால் மறுநாள் சாமியார் பங்களாவுக்குப் போனார்.

அறிவழகன் சாமியார், உயிர்ப்பு விழாவுக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு ஓலை கொண்டுவருகிறவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். வயது முப்பத்து மூன்று. போனை வைத்துவிட்டு, வந்தவரின் கன்னத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஃபாதர், ஒப்புக்கொடுத்தத வாபஸ் வாங்கலாமா?"

"என்னாங்க ஒப்புக்கொடுத்தீங்க?"

பிலோமின்ராஜ் சொன்னார். சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வைத்தியம் பாக்க வேணாம்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"இறக்கி வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அது பொதுவா சொன்னேன்."

"நான் தனியா எடுத்துக்கிட்டேன் ஃபாதர்."

"முடிஞ்ச வைத்தியத்தப் பாக்கணும். அதுக்கு மேல எது மிஞ்சுதோ அதத்தான் ஒப்புக்கொடுக்கணும். நாளைக்கே பல் டாக்டர்கிட்ட போங்க."

"போனா, இத்தன நாள் பட்டது சேருமா, சேராதா?"

"ஆண்டவர் அங்க கணக்குப்பிள்ளை வச்சிருக்கல."

"அப்ப ஜஸ்டின்?"

 ஜஸ்டின் கடைக்குச் சாமியாரும் இரண்டு தடவை போயிருக்கிறார். இரண்டு தடவையும் ஒரு எல்இடி பல்பு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

பிலோமின்ராஜ் டாக்டரிடம் போகவில்லை. "சின்ன வயசுச் சாமியாரு. இரக்கப்பட்டு சொல்றாரு" என்று உபகாரமேரியிடம் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் ஜஸ்டினின் கடையில் நிலைமை மோசமாகியிருந்தது. டியூப் லைட் வாங்க வந்த ஒரு அம்மா, "பிலோமின் அண்ணன் பல்லு ஒன் கையிலதான் தம்பி இருக்குது" என்றாள். ஸ்விட்ச் வாங்க வந்தவர், "ஒரே ஒரு ஞாயிறு தலையக் காட்டிட்டு வந்துடேன், மனுசன் பாவம், கஞ்சிதான் குடிக்கிறாரு" என்றார். பக்கத்துக் கடை விருத்தகிரி சைவ வேளாளர். கோயில் என்றால் அவருக்குப் பழமலைநாதர்தான். அவரே எட்டிப் பார்த்து, "மச்சான் வூட்டு சாபம் பொல்லாதது ஜஸ்டினு" என்றார். குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, ஜஸ்டின் ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

பட்டறைக்குள் அவர் நுழைந்தபோது பிலோமின்ராஜ் கன்னத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யார் மச்சான் ஒங்களக் கேட்டா?" என்றார் ஜஸ்டின், நின்றபடியே. "நான் கேட்டனா? என் கடைக்கு வர்றவன் எல்லாம் ஒயர் கேக்கறான், கூடவே ஒங்க பல்லக் கேக்கறான். என்ன மிரட்டறீங்களா?"

"இல்ல மாப்ள…"

"அவ போனா. நான் கோயிலுக்கு வரல. அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள வழக்கு. நடுவுல ஒங்க கடைவாப் பல்லு எங்க வந்துது? என் துக்கத்துக்கு அது ஈடா?"

அச்சிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டிருந்த கலியமூர்த்தியின் கை நின்றது. பிலோமின்ராஜ் துண்டை அவிழ்த்தார். வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது.

"ஈடு இல்ல மாப்ள. அவளுக்காக எவ்ளோ ஜெபிச்சேன், ஒண்ணும் நடக்கல. ஒனக்காக என்னா செய்யறதுன்னு தெரியல. என்கிட்ட இருந்தது இதான்."

ஜஸ்டின் சூளைப் பக்கம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

"வண்டியில ஏறுங்க."

"எங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

"அப்ப நீ கோயிலுக்கு வர்றியா?"

"வரமாட்டேன். அத இப்பவே தெரிஞ்சுக்குங்க. நான் வர்றேன்னு ஒங்க பல்லப் புடுங்கல. நான் வரலன்னாலும் புடுங்கணும். ஏறுங்க."

பிலோமின்ராஜ் எழுந்திருக்கவில்லை. ஒன்றும் கிடைக்காமல் இந்த வலியை விடுவதா என்று அவர் தயங்கியது கலியமூர்த்திக்கே தெரிந்தது.

"மொதலாளி," என்றார் கலியமூர்த்தி, "பிராதுல எதிர்க்கட்சிக்காரரே வந்து கூப்புடறாரு. இதுக்கு மேல என்னா வாபஸ் வேணும்?"

பிலோமின்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

கடலூர் ரோட்டில் டாக்டர் மோகனப்பிரியாவின் கிளினிக் மாடியில் இருந்தது. படியேறும்போது பிலோமின்ராஜ் இரண்டு முறை நின்றார். ஜஸ்டின் பின்னாலிருந்து தள்ளினார். டாக்டர் வாய்க்குள் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் எப்படிங்க தாங்கினீங்க? யாருமே உங்களக் கூட்டிட்டு வரலையா?" என்றார்.

"எனக்காகத் தாங்கினாரு" என்றார் ஜஸ்டின். டாக்டர் அவரை ஏறஇறங்கப் பார்த்தார். 

ஊசியைக் கண்டதும் பிலோமின்ராஜ் சத்தமாக அருள்நிறை மரியே சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதால் ஜெபம் பாதியில் நின்றது. ஜஸ்டினின் கையைப் பிடித்தார். பிலோமின்ராஜினுடையது களிமண் பிசைந்து இறுகிய பிடி. பல் வெளியே வந்தபோது நோயாளியைவிட ஜஸ்டின்தான் அதிகம் முனகினார் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.

டாக்டர் பள்ளத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார். "ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக் கூடாது, துப்பக் கூடாது. ரத்தம் நின்னுச்சான்னு பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மதிய நேரம், வேறு யாரும் இல்லை. ஜஸ்டின் போனை எடுத்தார், வைத்தார். பிறகு சுவரில் இருந்த பற்களின் படத்தைப் பார்த்துக்கொண்டே, "கடைசி வாரம் அவளுக்கும் வாயில புண்ணு" என்றார்.

பிலோமின்ராஜ் திரும்பினார். பேச முடியவில்லை.

ஜஸ்டின் தொடர்ந்தார். லிசா தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்ததைச் சொன்னார். வலி அதிகமாகும்போது "யாருக்காவது சேரட்டும்" என்று அவள் முனகியதைச் சொன்னார். அதைக் கேட்டுத் தனக்கு ஆத்திரம் வந்து, "ஒனக்கே சேரட்டும்டி, பொழைச்சு எழுந்திரு" என்று கத்தியதைச் சொன்னார். தான் வேளாங்கண்ணிக்கு நடந்த நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அதைத்தான் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றார். ஆண்டவரையா, தன்னையா என்பதை அவர் தெளிவாகச் சொல்லவில்லை.

இந்த இரண்டு வருடத்தில் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது கடவுள் சித்தம் என்றார்கள், அவள் மோட்சத்தில் இருக்கிறாள் என்றார்கள். அதிகமாகச் சொன்னவர் பிலோமின்ராஜ். இன்று அவர் வாயில் பஞ்சு இருந்தது. நடுவில் மூன்று நான்கு தடவை அவர் கை உயர்ந்தது, விரல் மேலே காட்டப் போனது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, மரப்பு விட்டுவிட்டது போலிருக்கிறது என்று ஒரு வலி மாத்திரையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

ரத்தம் நின்றதும் ஜஸ்டின் அவரை வீட்டில் இறக்கிவிட்டார். உபகாரமேரி வாசலுக்கு வந்து கணவரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க தம்பி, டீ போடறேன்."

"கடை தொறக்கணும்க்கா. போயிட்டு வரேன்."

குருத்து ஞாயிறுக்கு ஜஸ்டின் வரவில்லை. பெரிய வெள்ளியன்றும், உயிர்ப்பு விழா இரவிலும் வரவில்லை. பிலோமின்ராஜ் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை; வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மே மாதம் லிசாவின் நினைவு நாள் பூசைக்கு ஜஸ்டின் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. பூசை முடிந்ததும் கடையைத் திறக்கப் போனார்.