இரண்டு ஆள் காற்று

அந்தத் தீவைத் தனியாக மோட்டார் பைக்கில் சுற்றி வருகிறவர்களின் பின்சீட்டில், கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும், செத்துப்போன ஒருவர் ஏறி உட்கார்ந்துகொள்வார். யார் ஏறுவார் என்பதில் குழப்பமே கிடையாது. ஓட்டுகிறவர் யாரை நினைத்துக்கொண்டு வந்தாரோ அவர்தான். கடலோர ரோடு முழுக்கக் கூடவே வந்து, படகுத்துறைக்கு முந்தைய வளைவில் இறங்கிப் போய்விடுவார். பிறகு வரமாட்டார். பாதி வழியில் இறங்க நேர்ந்தாலோ மறுபடி ஏறமாட்டார்; அந்த வளைவுவரை நடந்தே போய்ச் சேர வேண்டும். தீவுக்காரர்களுக்கு இது மீன் விலை மாதிரி தெரிந்த விஷயம். அதனால்தான் படகுத்துறையில் பைக் வாடகைக்கு விடும் பெண், ஒற்றை ஆளாக வருகிறவர்களுக்கும் பின் டயரில் இரண்டு ஆளுக்கான காற்றை அடித்தே கொடுப்பாள்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அங்கே வந்தது மனைவி இறந்த மறு வருடம். ஒருநாள் சாவகாசமாக இந்தத் தீவைச் சுற்றி வரலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் லீவு நாளில்கூட யாருக்காவது ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைக்காரி விவரம் முழுவதையும் சொன்னபோது, வெளியூர்க்காரன் தலையில் மிளகாய் அரைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"பின்னாடி காத்து ஜாஸ்தியா இருக்கேம்மா. நான் ஒரு ஆள்தானே?"

"போகும்போது ஒரு ஆள்தான் சார். அப்படியே விட்டுடுங்க, குறைக்காதீங்க."

ஊருக்கெல்லாம் வண்டிப் பாடம் நடத்துகிறவருக்கு ஒரு வாடகைக் கடைக்காரி பாடம் நடத்துவதா? முதல் திருப்பத்தில் ஓரங்கட்டி, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து, காற்றைக் குறைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் பின் ஸ்பிரிங் அமுங்கியது. தோளில் ஒரு கை விழுந்தது. "ஏங்க, இவ்வளவு வேகமா எங்க போறோம்?" என்று காதோரம் கேட்டது. கண்ணாடியில் பின்னால் ஓடும் ரோடு மட்டும்தான் தெரிந்தது, ஆனால் அந்தக் கையின் கனம் அவருக்குத் தெரியாதா? ஆக்ஸிலேட்டரை அப்படியே தளர்த்தினார். உப்பளத்தைப் பார்த்தார்கள், படகு கட்டும் பட்டறையருகே நிழலில் நின்றார்கள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா, பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா என்று அவள் விசாரித்தாள். இரண்டுக்கும் அவர் பொய்தான் சொன்னார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் வண்டி ஓட்டியதில்லை.

மேற்குப் பக்கத்தில் ரோடு கரடுமுரடான கல்லாகிறது. காற்றுக் குறைந்த டயர் இரண்டு பேரைத் தாங்கவில்லை. ரிம் கல்லில் இடித்து டியூப் கிழிந்தது, வண்டி வால் ஆட்டியது. அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "இருங்க, நான் இறங்கிக்கறேன்" என்று அவள் இறங்கிவிட்டாள். ஸ்பிரிங் மேலே எழும்பியது. போன் பண்ணியதும் கடைக்காரி வந்து வேறு டியூப் போட்டு, இரண்டு ஆள் காற்றையும் அடித்தாள். மாஸ்டர் சீட்டில் உட்கார்ந்து கெஞ்சிப் பார்த்தார். ஸ்பிரிங் அமுங்கவே இல்லை.

"சொன்னேனே சார்," என்றாள் கடைக்காரி. பம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வலப்பக்கம் மனைவியின் செருப்புச் சத்தம் கூடவே வந்தது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் கடைசி வளைவு கண்ணில் பட்டது. மாஸ்டர் நின்றார். பிறகு பைக்கை வந்த பக்கமே திருப்பினார்.

அதற்குப் பிறகு அவர் ஊர் திரும்பவில்லை, தீவிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டார். டிரைவிங் ஸ்கூலைத் தம்பி பார்த்துக்கொண்டான். மகள் வந்து அழுதுவிட்டுப் போனாள். வருடங்கள் ஓடின. தினமும் பைக்கைத் தள்ளிக்கொண்டு கிளம்புவார், அந்திக்கு வளைவை நெருங்குவார், திருப்பிவிடுவார். அந்த இடத்தில் ரோடு சரிவு, மூச்சு முட்டும். செருப்புச் சத்தம் மட்டும் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு கால் இழுபட ஆரம்பித்தது. செத்தவர்களுக்கும் கால் வலிக்கும் என்பதைத் தீவு அப்போதுதான் தெரிந்துகொண்டது. இரவில் அவர் அறை வாசலில் யாரோ மூச்சு வாங்குவதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "பாவம் சார், அவங்களை விட்டுடுங்க," என்று கலங்கரை விளக்கக் காவலர் நேரிலேயே வந்து சொன்னார். மாஸ்டர் தலையை ஆட்டினார், மறுநாளும் திருப்பினார். வளைவு நெருங்கும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "இன்னும் எவ்வளவு தூரங்க?" அவரும் சொல்வார்: "இதோ, வந்துடுச்சு." சொல்லும்போது பிக்பாக்கெட் அடித்தவன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு மழைக்கால அந்தியில் அவர் முட்டி மடங்கிவிட்டது. அவள் வழக்கம்போலக் கேட்டாள். பொய் சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை.

"அதோ தெரியுது பாரு, அதுதான். இத்தனை வருஷமா நான்தான் திருப்பித் திருப்பிக் கூட்டிட்டுப் போறேன். உன்னை அனுப்ப எனக்கு மனசு வரலம்மா. நீ போ."

செருப்புச் சத்தம் வளைவுப் பக்கம் சில அடி போனது. நின்றது. இழுத்து இழுத்துத் திரும்பி வந்தது.

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டு சரிவுல தனியா திருப்பாதீங்க," என்றாள். ஹேண்டில்பாரின் மறுபக்கத்தை யாரோ பிடித்தார்கள். வண்டி லேசாகத் திரும்பியது.

இப்போது அந்திப் பஸ் ஓட்டுகிறவர்கள் அந்தச் சரிவில் பிரேக் போட்டு, இருவரும் பைக்கைத் திருப்பி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் போகிறார்கள். ஹாரன் அடிப்பதில்லை.