மூச்சுக்குப் பத்தியம்

உலகத்திலேயே பழுதில்லாத ஒரே நுரையீரல் காசாலே ஊரில், எவாசியோ ப்ராத்தோவின் நெஞ்சுக்குள் இருந்தது. இதை அவரே பல தடவை உறுதிப்படுத்தியிருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் கல்நார்த் தொழிற்சாலையில் இருபது வருஷம் மூட்டை பிரித்தவர். மிஞ்சிய தூளைச் சும்மா கொடுக்கிறார்களே என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வீட்டு முற்றம் முழுக்கப் பரப்பியவர். ஊரில் பாதிப் பேர் பரப்பினார்கள். கூட வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது கல்லறையில். எவாசியோ எழுபத்தெட்டு வயதில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். காரணம் சிவப்பு ஒயின் என்பது அவருடைய மருத்துவக் கருத்து.

ஆஸ்பத்திரியில் புது ஆராய்ச்சி தொடங்கியபோது அவருடைய கேலிக்குக் கொண்டாட்டம். பையில் மூச்சை ஊதினால், கல்நார்ப் புற்றுநோயை முற்றுவதற்கு முன்பே ஒரு கருவி மோந்து சொல்லிவிடுமாம். ஊதுவதற்கு முன் இரண்டு நாள் பூண்டும் ஒயினும் கூடாது. பழைய சகா தெரெசியோ போய் ஊதிவிட்டுத் தொழிலாளர் மன்றத்துக்கு வந்தார்.

"ஏண்டா, உன்னை மோந்து பாத்துட்டு அந்த மெஷின் மயக்கம் போடலையா?" என்று கேட்டார் எவாசியோ.

"இல்ல. உன்னைக் கூட்டிட்டு வராதேன்னு கும்பிட்டுச்சு."

"பூண்டு இல்லாம ரெண்டு நாளா! அதுக்கு நேரா கல்லறைக்கே போயிடலாம். அங்க பத்தியம் கிடையாது."

வியாழக்கிழமை எவாசியோவின் மனைவி மரியூச்சா மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கணவனிடம் சொன்னாள்: "போன மாசம் நானும் ஊதிட்டு வந்தேன்."

"உனக்கெதுக்கு? நீ ஒரு நாள்கூட அந்த ஃபேக்டரி வாசலை மிதிச்சதில்லையே."

"நான் மிதிக்கல. உன் சட்டை தூளோட வீட்டுக்கு வந்துச்சே. சனிக்கிழமை சனிக்கிழமை ஜன்னல்ல உதறினது யாரு?"

நல்லா உதறு, இல்லாட்டி துவைக்கிற தொட்டி அடைச்சுக்கும் என்று சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"மூச்சுல என்னமோ இருக்காம். நோயா, இந்த வீட்டுக் காத்தான்னு தெரியல. கூடவே இருக்கிற இன்னொருத்தர் மூச்சையும் வச்சுப் பாத்தாத்தான் பிரிச்சுச் சொல்ல முடியுமாம். திங்கக்கிழமை நான் மறுபடி ஊதணும்."

"இன்னொருத்தர் வரலைன்னா?"

"ஆறு மாசம் பொறுத்துப் பாப்பாங்க. அதுவரைக்கும் நான் இருந்தா பாப்பாங்க." அடுத்த மடிப்பை விரலால் அழுத்தினாள். "நீ வரமாட்டேன்னு சொல்லிட்டேன். உன் நுரையீரலுக்குக் கௌரவக் குறைச்சல்."

எவாசியோ மாடிக்குப் போனார். ஒவ்வொரு படியாக.

ஞாயிறு மதியம் மன்றத்தின் வருஷ விருந்து. மேஜை நெடுகப் பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கொதிக்கும் மண்சட்டிகள். குடைமிளகாயைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். வழக்கமாக மூன்று சட்டியைக் காலி செய்கிற எவாசியோ, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் தண்ணீர்.

"என்ன எவாசியோ, பல்லு போயிடுச்சா?" என்று எதிர்க்கோடியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வயிறு சரியில்ல."

தெரெசியோ தண்ணீரைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார். உப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குன்னு சொன்ன?" எவாசியோ தட்டிலிருந்த கிழங்கைப் பார்த்துக் கேட்டார்.

"எட்டுக்கு" என்றாள் மரியூச்சா.

அவர் உரித்ததில் பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.