இரண்டு மாகாணங்களும் ஒரு கீழ்த்தள அறையும்

1

இக்கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் மகன் வீட்டு மாடிப்படி. முழங்கால் வலியோடு அதில் ஏறும்போதுதான், பதினான்காம் நூற்றாண்டில் வியட்நாமை ஆண்ட ட்ரான் மரபின்மீது எனக்கு ஆர்வம் உண்டாயிற்று. அண்டை நாடான சம்பாவின் அரசன், ட்ரான் இளவரசியை மணக்க இரண்டு மாகாணங்களைப் பரிசமாகக் கொடுத்தான். போரின்றியே ட்ரான் எல்லை தெற்கே நகர்ந்தது.

2

தொடக்கம்: "மங்கல முரசுகள் முழங்க, இளவரசி பல்லக்கில்..."

[வேண்டாம். முரசொலியை நான் கேட்டதில்லை. கேட்டது ஜம்புநாதனுடைய பெட்டியின் சக்கரவொலியை.]

ஜம்புநாதன் என் மருமகள் ஹம்சாவின் தந்தை. ஆறு மாதம் தங்க வந்தவர். வந்த அன்று கீழ்த்தளத்திலுள்ள என் அறையைக் காட்டி, "உங்க ரூம்னே நெனச்சுக்கோங்க சம்பந்தி" என்றேன். சம்பந்தியிடம் வேறென்ன சொல்வது? "அப்படியே ஆகட்டும்" என்று படுத்துவிட்டார். என் படுக்கை மாடிக்கு ஏறிற்று.

3

பெற்ற நிலத்தை ட்ரான் அரசு எவ்வாறு தனதாக்கிற்று? மாகாணங்களின் பெயரை மாற்றிற்று, அதிகாரியை அனுப்பிற்று, முணுமுணுத்த குடிகளுக்குச் சில ஆண்டுகள் வரியை நீக்கிற்று. (இங்கும் ஹம்சா வாயில் 'மாமா ரூம்' இப்போது 'அப்பா ரூம்' ஆகிவிட்டது. என் மகனுக்கு மாலைதோறும் சம்பந்தி கையால் வெங்காய பஜ்ஜி, அவன் முணுமுணுப்பதில்லை.) நேற்று ஹம்சா, "அப்பாக்கு விசா எக்ஸ்டென்ஷன் அப்ளை பண்ணியாச்சு மாமா" என்றாள்.

என்னை ட்ரான் அரசனாகவே எண்ணி எழுதிவந்தேன். பிள்ளை வீட்டுக்காரன், வாங்குகிற பக்கம் அல்லவா? பிறகுதான் விளங்கிற்று: அங்கே நிலத்தை இழந்தது பிள்ளை வீடுதான். நான் சம்பா! அவ்வரசன் மறு ஆண்டே இறந்தான். [இவ்வரியை அடித்துவிட்டேன்.] ட்ரான் ஆட்கள் இளவரசியைக் கப்பலேற்றி மீட்டுச் சென்றனர். மாகாணங்கள் திரும்பவில்லை.

4

முடிவு அ: சம்பா படையெடுக்கிறது. (எந்தக் காலோடு?)

முடிவு ஆ: பெண் வீட்டார் தாமாகவே மனமிரங்கி...

இவ்வரி முடியுமுன், உணவு மேசைமீது கிடந்த முந்தைய பக்கங்களை ஜம்புநாதன் படித்துவிட்டார்.

"சம்பந்தி, ஒரு டவுட். உங்க ராஜா ரெண்டு மாகாணத்தையும் மனசாரக் குடுத்தாரா, இல்ல சும்மா மரியாதைக்குச் சொன்னாரா?"

சமையலறையில் மிக்சி நின்றது.

"குட் கொஸ்டின்பா" என்றாள் ஹம்சா. "சொல்லுங்க மாமா."

மனமார என்றால் அறை போயிற்று. மரியாதைக்கு என்றால் சம்பந்தம் போயிற்று. வாசகரே, அரசனின் மறுமொழியை நீங்களே எழுதிவிடுங்கள். சற்று விரைவாக, இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.