டேப்பில் எழுதிய பெயர்

வெர்லீன் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தாள். டேப்பில் நீல மசியால் 'லோர்னா பிக்ஸ்' என்று எழுதியிருந்தது.

"இந்த மக்ரோனியை யாரு உள்ள விட்டது?"

தேவாலயத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பாதிப் பேர் மெல்வதை நிறுத்தினார்கள். அவள் அண்ணன் ஹாலிஸ் ஓடி வந்து பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாப் பேசு வெர்லீன். புள்ளையைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல."

"அதனாலதான் கேக்கறேன்."

அந்த ஊரில் துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவருகிறவர்கள் பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டுவார்கள். காலியானதும் கழுவி, அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். திருப்பித் தராதவர்களைப் பற்றி வருடக் கணக்கில் பேச்சு நடக்கும். கொலைகாரனைக் கூட அதற்கு முன்பே மன்னித்துவிடுவார்கள்.

லோர்னா பிக்ஸ் சிறுவர் நீதிமன்றத்து நன்னடத்தை அதிகாரி. கதவோரம் கோட்டு மாட்டுகிற இடத்தில், உட்காரவும் துணியாமல் போகவும் துணியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

வெர்லீனின் மகன் டேவியஸ் புதன்கிழமைதோறும் லோர்னாவின் மேஜை முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும். பதினாலு வயதில் பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெட்டும் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வந்ததுதான் அவன் செய்த குற்றம். வண்டிக்காரரே சிரித்துவிட்டு மறந்துபோனார்; நீதிமன்றம் மறக்கவில்லை. ஆறு மாதக் கண்காணிப்பு என்றார்கள். ஒருமுறை போகத் தவறினால் இன்னும் மூன்று மாதம் என்றார்கள். பிறகு ஒருமுறை தவறியதற்கு வாரம் முழுக்கப் பூட்டி வைத்தார்கள். இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. ஆபீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஸ் கிடையாது. வெர்லீனின் பிக்கப் வண்டி பழுதான புதன்கிழமை, நேரமாகிவிட்டதென்று பையன் பாலத்தின் மேல் ஓடியிருக்கிறான். ஒதுங்க ஓரமில்லாத பாலம். மரம் ஏற்றி வந்த லாரிக்காரன், பாவம், இன்னும் அழுதுகொண்டிருக்கிறானாம்.

செனட்டர் வார்ட்லோ அப்போதுதான் வந்தார். கையில் கடையில் வாங்கிய பொரித்த கோழி, இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள். புகைப்படக்காரனை வாசலிலேயே நிறுத்தி வைக்கும் அளவுக்கு நாகரிகம் இருந்தது.

"மிஸ் வெர்லீன், உங்க துக்கத்துல..."

"உக்காருங்க செனட்டர்." பேரம் பேச வருகிறவனை முதலில் உட்கார வைப்பது அவள் தொழில் பழக்கம்.

"நம்ம மசோதா குழுவைத் தாண்டிருச்சு. செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. நீங்க சம்மதிச்சா, அதுக்கு 'டேவியஸ் சட்டம்'னு பேரு வெக்கலாம்னு இருக்கோம்."

ஹாலிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம பையன் பேரு சட்டப் புத்தகத்துல, வெர்லீன்!"

குளிர்காலத்தில் வெர்லீன் தலைநகருக்குப் போய், சிறுவர் கண்காணிப்பு மசோதாவை ஆராயும் அந்தக் குழு முன்னால் பேசியவள். ஒரு உறுப்பினர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே அவள் பேச்சைக் கேட்டார். அவள் கேட்டது இவ்வளவுதான்: அதிகாரி பிள்ளையின் வீட்டுக்கோ பள்ளிக்கோ வரட்டும்; வர முடியாமல் போன பிள்ளையைப் பூட்டாதீர்கள். மசோதாவில் சேர்த்தாயிற்று என்று வார்ட்லோவே போனில் படித்துக் காட்டினார். அன்று டேவியஸ் சமையலறையில் ஒரு ஆட்டம் போட்டான்.

"அது இருக்கா?" என்றாள்.

"எது?"

"ஆபீசர் வீட்டுக்கு வரணும்ங்கறது. வராத புள்ளையைப் பூட்டக் கூடாதுங்கறது."

செனட்டர் காகிதக் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கோழியை அவர் தொடவேயில்லை.

"பாருங்க, அரசியல்ல கொஞ்சம் விட்டுக்குடுத்துத்தான் போகணும். மாவட்டங்களுக்குச் செலவு தாங்காதுன்னுட்டாங்க. அதுக்குப் பதிலா ஆய்வுக் குழு ஒண்ணு போடறோம். அதிகாரிகளுக்குப் பயிற்சி உண்டு. மிச்சத்தை அடுத்த கூட்டத்தொடர்ல..."

"செனட்டர், நான் சனிக்கிழமைச் சந்தையில பழைய மேஜை நாற்காலி விக்கறவ. எத்தனையோ திருட்டுப் பயலுகளைப் பாத்திருக்கேன். நாலு காலையும் கழட்டி வெச்சுக்கிட்டு, வெறும் பலகையை மேஜைன்னு எங்கிட்ட எவனும் நீட்டினதில்ல. நீங்க நீட்டறீங்க. அது மேல என் புள்ள பேரையும் ஒட்டித் தரச் சொல்றீங்க."

"அந்தப் பேரு இல்லாட்டி மசோதா தோத்துரும்மா."

"அப்போ அதுல இருக்கறதே பேரு மட்டுந்தானா?"

ஹாலிஸ் அவள் தோளைத் தொட்டான். "ஒண்ணுமே இல்லாததுக்கு இதாவது..."

அவள் தோளை உதறினாள். "நாளைக்கு இன்னொருத்தி புள்ளையைப் பிடிச்சு உள்ள தள்ளுவாங்க. 'டேவியஸ் சட்டப்படி'ன்னு சொல்லித்தான் தள்ளுவாங்க. அதை நான் காதால கேக்கணுமாண்ணே?"

செனட்டர் எழுந்து, யோசிக்கச் சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"கோழிக்கு நன்றி," என்றாள் வெர்லீன். "பெட்டியில பேரு எழுதல. திருப்பித் தர வேண்டியதில்ல பாருங்க, வசதி."

கூடம் காலியாகத் தொடங்கியபோது லோர்னா மெல்ல அருகில் வந்தாள்.

"அன்னிக்கு நான் ஆபீஸ் பூட்டற வரைக்கும் காத்திருந்தேன், மிஸ் வெர்லீன்."

"காத்திருந்தியா. உங்கிட்ட கார் இருக்கா?"

"இருக்கு."

"எங்க வீடு தெரியுமா?"

"விலாசம் தெரியும்." லோர்னா தரையைப் பார்த்தாள். "வந்து பாத்ததில்ல. விதிப்படி ஆபீஸ்லதான்... எங்கிட்ட அத்தனை புள்ளைங்க..." பாத்திரத்துக்குக் கை நீட்டினாள். "நான் பாத்திரத்தை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"காலியாகல. அப்படியே எடுத்துட்டுப் போற வழக்கம் இங்க இல்ல." வெர்லீன் பாத்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "கழுவி வெக்கறேன். கொண்டுவந்து தர மாட்டேன். நீ வீட்டுக்கு வந்து வாங்கிக்கோ. புதன்கிழமை, நாலு மணிக்கு. நேரத்துக்கு வரலேன்னா..."

நேரத்துக்கு வராவிட்டால் என்ன என்பது இருவருக்குமே தெரியும்.

மக்ரோனியை அவள் தொடவில்லை. ஹாலிஸ்தான் தின்று தீர்த்தான். நன்றாக இருந்ததென்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். செவ்வாயன்று மசோதா பெயர் எதுவும் இல்லாமல், வெறும் எண்ணோடு, சுலபமாக நிறைவேறிவிட்டதென்று வானொலி சொன்னது. வெர்லீன் வானொலியை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை இரண்டாம் முறை கழுவினாள். டேப் நனையாமல் பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவள் வாசற்படியில் பாத்திரத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலத்துப் பக்கமிருந்து லோர்னா ஓட்டிவந்த சாம்பல் நிறக் கார் மெதுவாக வந்தது. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே அவள் வீட்டைத் தாண்டிப் போயிற்று. தெருக்கோடியில் திரும்பி, இன்னும் மெதுவாக வந்து, மறுபடியும் தாண்டிப் போயிற்று.

வெர்லீன் கையைத் தூக்கிக் காட்டவில்லை.