மூன்று மூலைகளும் ஒரு முடிச்சும்

என் தம்பி ஹேமநாத்துக்கு நகரியில் கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு முதலில் வந்தது பயம். மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சைப் போட்டதும் மிச்சத்தைப் போட வேண்டியவள் நாத்தனார். எங்கள் வீட்டில் அவனுக்கு அக்கா என்று இருப்பது நான் ஒருத்திதான். ஆனால் அந்த 2004-ல் நான் எங்கே போனாலும் என்னோடு ஒரு செல்போனும் வரும். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்காமல் அது அலறும்.

திருச்சானூரில் ஹரிபாபு சாருக்கு மூன்று லாட்ஜ்கள். எல்லா அறைப் பதிவும் ஒரே சர்வரில். அது படுத்துவிட்டால் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். மலையில் முடி கொடுத்த மொட்டைத் தலைகள் கவுண்ட்டர் முன்னால் நின்று சண்டை பிடிக்கும். படுத்த சர்வரை எழுப்பத் தெரிந்தவள் தாட்சாயணி, அதாவது நான் மட்டும். போன வருஷம் புத்தூரில் சித்தி மகள் கல்யாணத்தில், இலையில் சோறு விழுகிற நேரத்தில் போன் வந்தது. பட்டுப்புடவையோடு ரயிலேறி ஓடினேன். சித்தி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அதனால் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன். இரண்டு சர்வர். ஒன்று வேலை செய்யும், மற்றது அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். பதிவுகளெல்லாம் இரண்டுக்கும் பொதுவான ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். முதலாவது விழுந்தால் இரண்டாவது அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டே நிமிஷத்தில் வேலையைத் தொடரும். முக்கியமாக, மூன்றும் மூன்று இடத்தில், தனித்தனி கரண்ட் லைனில், தனித்தனி யு.பி.எஸ்ஸில் இருக்க வேண்டும்.

"சும்மா குந்திக்கினு இருக்கிறதுக்கு ஒரு மிஷினாம்மா?" என்றார் ஹரிபாபு சார்.

"உங்க கார்ல ஸ்டெப்னி சும்மாதானே சார் குந்திக்கினு கீது?" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எல்லாம் பொருத்தி முடித்துவிட்டு, பத்திரிகை கொடுக்க இரண்டு நாள் லீவு எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தேன். இரண்டு சர்வரும் ஸ்டோரேஜ் பெட்டியும் முன் கட்டடத்தில் சமையல்கட்டுக்கு அடுத்த அறையில், ஒரே யு.பி.எஸ்ஸில், தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. மூன்றின் நெற்றியிலும் குங்குமம் வேறு.

வாஸ்து பார்க்கும் கங்கையா வந்து போயிருக்கிறார். மின்சாரம் நெருப்பாம்; நெருப்பு என்றால் தென்கிழக்கில், அக்னி மூலையில்தான் இருக்க வேண்டுமாம். கங்கையா சொன்னார் என்று கட்டி முடித்த மாடிப்படியையே இடித்தவர் எங்கள் சார்.

"ஒரு பிளக்கு போனா மூணும் போயிடும் சார்!" என்று கத்தினேன்.

"காதும்மா, அப்டி இல்ல. ஒண்ணா இருந்தா பலம்தானே?" என்றார் அவர், ரொம்ப நிதானமாக.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. வாஸ்துவோடு மோதி அவரிடம் யாரும் ஜெயித்ததில்லை. அதனால் கங்கையாவையே வரவழைத்து, மோர் கொடுத்து அந்த அறையிலேயே உட்கார வைத்தேன்.

"ஐயா, பின்னாடி பில்டிங்குக்குத் தனியா அக்னி மூலை உண்டா?"

"ஏன் இல்லாம? கூரைக்குக் கூரை எட்டு திக்கும் தனிதாம்மா."

"அப்போ ஒரு மிஷின அங்க வெக்கலாமா?"

"பர்வாலேது, வெச்சிக்கோ."

"இந்தப் பெட்டி எல்லாப் பதிவையும் சேத்து வெச்சிக்கினு கீது. செம வெயிட்டு."

அவர் எழுந்து தூக்கிப் பார்த்தார். "வெயிட்டு இருக்கிறது நைருதிக்குப் போவணும், தென்மேற்கு! இத இங்க யாரு வெச்சது?" என்று பக்கத்தில் நின்ற ஹரிபாபு சாரையே அதட்டினார்.

என் வரைபடத்தில் நான் குறித்திருந்த இடங்களும் ஏறக்குறைய அவையேதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேபிளை இழுத்து, மூன்றுக்கும் தனித்தனி யு.பி.எஸ் மாட்டினேன். முதல் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தும் பார்த்தேன். இரண்டாவது சமர்த்தாக எடுத்துக்கொண்டது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கல்யாணத்தன்று லாட்ஜிலும் முகூர்த்தக் கூட்டம். ஒன்பதரை மணிக்குக் கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். ஒரு காதைப் போனில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் நான் போட்டேன். போன் மூச்சு விடவில்லை. பந்தி முடிந்தும் விடவில்லை. மூன்று மணிக்குப் பொறுக்க முடியாமல் நானே கவுண்ட்டருக்குப் போன் போட்டேன். அங்கே இருக்கும் ரூபா எடுத்தாள்.

"கல்யாணம் நல்லா ஆச்சாக்கா? இங்க சமையக்கட்டு கழுவின தண்ணி உள்ள வந்து, முன்னாடி மிஷின் ஒம்போதரைக்கே புகைஞ்சி போச்சி."

என் உயிரே போய்விட்டது. "அப்புறம்?"

"அப்புறம் என்னா? நாங்க பதறிக்கினு இருக்கும்போதே பின்னாடி மிஷின் எட்துகிச்சி. ஒரு ரூமு கூட தப்பல."

"எனக்கு ஏன்டி போன் பண்ணல?"

"எதுக்குக்கா? நல்லாதானே ஓடிக்கினு கீது."

சுருக்கென்றது. நான் இல்லாமல் அங்கே ஒரு சாவி நகராது என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அந்த வருத்தம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. பிறகு மனசு குளிர்ந்து போயிற்று.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, தம்பி மாலையோடு ஓடிவந்தான். அவன் முகம் விழுந்திருந்தது. "கெளம்பணுமாக்கா?"

"இல்லடா. என்ன யாரும் கூப்டல" என்றேன். அதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.